என் இடது கால் மேல் வந்த புகார்

மூன்று மாதம் என் இடது கால் குற்றவாளியாக இருந்தது. தீர்ப்புச் சொன்னவர் என் கணவர். சாட்சி, வக்கீல், நீதிபதி எல்லாம் அவர் ஒருவரே என்பதால் விசாரணை சட்டென்று முடிந்துவிட்டது. நான் கார் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் சாலையைப் பார்க்க மாட்டார். குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டு வருவார். வண்டி ஒரு குலுக்கு குலுக்கினால் போதும், "பாத்தியா, கிளட்ச்ச பொசுக்குன்னு விடுற" என்பார். குரலில் கோபம் இருக்காது. ஒரு தத்துவ ஞானியின் வருத்தம் இருக்கும். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

காரைக்கால் பக்கத்து நெடுங்காட்டில் எங்கள் வீடு. காரைக்காலைத் தாண்டி, கருக்களாச்சேரிப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம். பல வருடங்களாக இரண்டு பஸ் மாறிப் போய்வந்தேன். முதல் பஸ் தாமதமானால் இரண்டாவது பஸ் சரியான நேரத்துக்குக் கிளம்பிவிடும். முதல் பஸ் சீக்கிரம் வந்தால் இரண்டாவது வரவே வராது. இரண்டு பஸ்ஸும் இல்லாத நாளில் கணவரின் ஸ்கூட்டர். அதற்கு முந்தைய இரவே விண்ணப்பம் போட்டு வைக்க வேண்டும். நாற்பத்தாறு வயதில் ஒருநாள் இதெல்லாம் போதும் என்று தோன்றி, காரைக்காலில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். என்னோடு படித்தவர்களுக்கெல்லாம் என் பிள்ளை வயது. முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினேன். அப்புறம் ஒரு வெள்ளைக் கார் வாங்கினேன். பெட்ரோல் வண்டி, எனக்கு முன் இரண்டு பேர் ஓட்டியது. ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர் இருந்தது. அதைக் கையில் வாங்கிய அன்று எனக்கு வந்த சந்தோஷம் வேலை உத்தரவு வாங்கிய அன்றுகூட வரவில்லை.

ஒரு வருடம் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. பிறகுதான் திக்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் உடனே போகாது. ஒரு நொடி யோசிக்கும். போகலாமா, வேண்டாமா, இவளை நம்பலாமா என்று கேட்டுக்கொள்ளும். பிறகு விருட்டென்று பாயும். அரசலாற்றுப் பாலத்து ஏற்றத்தில் ஒருமுறை அப்படி யோசித்தபோது பின்னால் ஒரு மணல் லாரி. லாரிக்காரர் பாலம் முடியும்வரை ஹாரனை விடவே இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் முதல் பீரியட் முழுக்க அந்த ஹாரன் காதில் அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளிடம் கையெழுத்துப் பயிற்சி கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

திருநள்ளாறு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால், எங்கள் பக்கத்தில் எது பழுதானாலும் முதலில் சந்தேகப்படுவது சனி பகவானைத்தான். மோட்டார் ஓடவில்லை, சம்பந்தம் தள்ளிப்போகிறது, புரமோஷன் வரவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கூட "எள்ளு தீபம் போடுங்க" என்பார். என் விஷயத்தில் மட்டும் என் கணவர் சந்தேகப் பட்டியலில் பகவானுக்கு முன்னால் என்னை நிறுத்தினார். அவர் ஓட்டும்போது வண்டி திக்கவில்லை என்பதுதான் அவர் வைத்திருந்த ஆதாரம். உண்மைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைத்தெருவரை அவர் ஓட்டினார். ஒருமுறைகூடத் திக்கவில்லை.

அதனால் நம்பினேன். இதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அரை மணி நேரம் முன்னதாக வீட்டை விட்டுக் கிளம்பி, காரைக்கால் கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்தி, கிளட்சை அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டுப் பழகினேன். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் போய், திரும்பி வந்து மறுபடி தாண்டுவார்கள். நான் அதே இடத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் போய்க்கொண்டிருப்பேன். மூன்றாவது கியரில், கால் கிளட்ச் பக்கமே இல்லாதபோதும் வண்டி திக்குவதை நான் கவனித்தேன். கவனித்தும், என் கால்தான் ஏதோ செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகளுக்கு அறிவியல் பாடமும் எடுக்கிறவள் நான்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. கிழக்கே கடல். மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. எந்தத் திசையில் போனாலும் கொஞ்ச நேரத்தில் எல்லை வந்துவிடும். எல்லைக்கு அந்தப் பக்கத்தைவிட இந்தப் பக்கம் பெட்ரோல் விலை குறைவு. ஆகவே இந்தப் பக்கத்து மனிதன் காலி டேங்க்கோடு எல்லையைத் தாண்டினால் அது அவன் குடும்பத்துக்கே அவமானம். அந்தப் பக்கத்துப் பங்க்கில் போய் நின்று பெட்ரோல் போட்டான் என்று தெரிந்தால் கல்யாண வீட்டில்கூடக் கேட்பார்கள். என் காரில் முள் பாதிக்குக் கீழே இறங்கினால் என் கணவருக்குத் தூக்கம் வராது. கழுத்துவரை நிரப்பி, பங்க்கில் நிற்பவரிடம் "இன்னும் கொஞ்சம் புடிக்கும், ஊத்துங்க" என்று சொல்லி, மூடியைத் திருகிய பிறகுதான் அவர் முகத்தில் நிம்மதி வரும்.

என் நாத்தனார் மயிலாடுதுறைப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். மற்றவர்கள் தங்கை வீட்டுக்குப் போகும்போது பழம், பலகாரம் எடுத்துப் போவார்கள். நாங்கள் பெட்ரோல் எடுத்துப் போவோம். இதற்கென்றே என் கணவர் ஓர் இரும்பு கேன் வைத்திருந்தார். பம்ப்செட்டுக்கு என்று சொல்லி, தெரிந்த பங்க்கில் நிரப்பிக்கொள்வார். அங்கே போய்த் தங்கை வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளுக்கும், அவருடைய தம்பி மோட்டார் சைக்கிளுக்கும் ஊற்றுவார். மிச்சத்தைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டு வர மாட்டார். "பெட்ரோல வீட்ல வச்சிருக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, ஒரு சொட்டு வீணாகாமல், புனல் வைத்து என் காரில் கவிழ்த்துவிடுவார். அடியில் தங்கியதையும் கேனைத் தலைகீழாகப் பிடித்து, முதுகில் இரண்டு தட்டுத் தட்டி இறக்கிவிடுவார்.

மழைக்காலம் முடிந்ததும் அந்தக் கேன் உள்ளே துருப்பிடித்திருப்பதைப் பார்த்தார். தங்கைக்குக் கொண்டுபோகிற பெட்ரோலில் துரு கலக்கலாமா? ஜன்னல் கம்பிக்கு அடித்தது போக மிச்சமிருந்த ரெட் ஆக்சைடு பெயிண்ட் இருந்தது. கேனின் வாய்க்குள் பிரஷ் போகாது. பெயிண்டை உள்ளே ஊற்றி, மூடியை இறுக்கி, வாசல் முழுக்கக் கேனை உருட்டினார். ஐம்பது வயது மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து உருட்டினார். இரண்டு நாள் வெயிலில் வைத்தார். மூன்றாம் நாள் டார்ச் அடித்து உள்ளே காட்டி, "பாரு, கண்ணாடி மாதிரி" என்றார். நானும் எட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

அதற்கடுத்த மாதங்களில் நாத்தனார் வீட்டுக்காரர், தன் மோட்டார் சைக்கிளும் திக்குவதாகச் சொன்னார். "உங்க ஊரு ரோடு அப்படி மாப்ள" என்றார் என் கணவர். என் காருக்கு என் கால், அவர் வண்டிக்கு அவர் ஊர் ரோடு. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது.

பாலத்து ஏற்றத்தில் மூன்றாவது தடவை வண்டி நின்று, நான் வியர்த்துக் கொட்டி வீட்டுக்கு வந்த அன்று, அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"வண்டிய வித்துடலாம்மா. எனக்குப் பயமா இருக்கு. நீ ரோட்ல மாட்டிக்கிட்டு நிக்கிறத நெனச்சா ஆபீஸ்ல வேலை ஓட மாட்டேங்குது. நானே ஸ்கூட்டர்ல கொண்டு வந்து விடுறேன்."

பாசத்தோடுதான் சொன்னார். அதனால்தான் மறுக்க முடியவில்லை. எனக்கும் என் கால் மேல் நம்பிக்கை போயிருந்தது. "சரிங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுச் சமையலறையில் போய்க் கொஞ்சம் அழுதேன். இரண்டு பஸ்ஸும், முந்தைய இரவு விண்ணப்பமும் திரும்பி வரப்போகின்றன. அவர் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்க வருவதாக முடிவானது.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. விற்கிற வண்டியைக் கழுவியாவது வைப்போம் என்று காரைக்காலுக்கு ஓட்டிப் போனேன். கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. மெக்கானிக் பருத்த ஆள். கை ஒவ்வொன்றும் உலக்கை கனம். அவர் மகளுக்கு நான் முன்பு பாடம் எடுத்திருக்கிறேன். "என்னங்க டீச்சர், முகம் வாட்டமா இருக்கு" என்றார். ஒருவர் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடைசியில், "என் கால்தாங்க சரியில்ல" என்றும் சொன்னேன், டாக்டரிடம் சொல்வதுபோல.

அவர் வண்டியை வாங்கி ஓட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, "நீங்களே ஓட்டுங்க" என்றார். பாலத்துக்கு விடச் சொன்னார். ஏற்றத்தில் வண்டி வழக்கம்போல யோசித்தது. அவர் என் காலைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடி இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், உங்க கால்ல ஒண்ணுமில்ல. பெட்ரோல் பத்தல."

"டேங்க் முழுக்க இருக்குங்க."

"டேங்க்ல இருக்கு. இன்ஜினுக்குப் போகல. நடுவுல ஃபில்டர் அடைச்சிருக்கு. ஏத்தத்துல நெறைய பெட்ரோல் கேக்குது பாருங்க, அப்ப குடுக்க முடியல அதால."

"எங்க வீட்டுக்காரர் ஓட்டுனா திக்கலீங்களே?"

"சார் எவ்வளவு வேகத்துல போவாங்க?"

யோசித்தேன். சைக்கிளில் போகிறவர்கள் அவரிடம் நலம் விசாரித்துவிட்டுத் தாண்டிப் போவார்கள். அதைச் சொன்னேன். "அப்பறம் எப்படித் திக்கும்?" என்றார் அவர். மூன்று மாதமாக எனக்கு எதிராக நின்ற ஆதாரம் அந்த ஒரு கேள்வியில் விழுந்தது. வண்டியை ஓரங்கட்டினேன். ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்தேன்.

ஃபில்டர் ஒன்று வாங்கி மாட்டினால் தீர்ந்தது என்றார். மாட்டுவதுதான் தீரவில்லை. என் வண்டியில் அந்த ஃபில்டர், டேங்க்குக்கு மேலே, வண்டியின் அடித்தகட்டுக்குக் கீழே, ஒரு சந்தில் உட்கார்ந்திருக்கிறது. அதை அங்கே வைத்தவருக்கு மனிதர்களுக்குக் கை இருப்பது தெரிந்திருக்கும், முழங்கை இருப்பது தெரிந்திருக்காது. ஒழுங்காகச் செய்வதென்றால் டேங்க்கைக் கீழே இறக்க வேண்டும். இறக்குவதென்றால் டேங்க் காலியாக இருக்க வேண்டும்.

மெக்கானிக் முள்ளைப் பார்த்தார். அது கடைசிக் கோட்டையும் தாண்டி நின்றது. விற்கப்போகிற வண்டி என்று தெரிந்தும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கணவர் பழக்கம் விடாமல் கழுத்துவரை நிரப்பியிருந்தார்.

"திங்கக்கெழம வாங்களேன். கொஞ்சம் ஓட்டிக் காலி பண்ணிட்டு."

"நாளைக்கு வண்டி பாக்க ஆள் வராங்க. இன்னிக்கே ஆகணும்."

அவர் ஜாக்கி வைத்துத் தூக்கி, தாங்கி கொடுத்து, பின் சக்கரத்தைக் கழற்றி, பக்கவாட்டில் கையை நுழைத்துப் பார்த்தார். மணிக்கட்டு போனது. அதற்கு மேல் போகவில்லை. வேறு பக்கமாக முயன்றார். தோலை வழித்துக்கொண்டதுதான் மிச்சம். அவர் கை அடங்காத அந்தச் சந்தை நானும் குனிந்து பார்த்தேன். பிறகு என் கையைப் பார்த்தேன். பேனாவும் சாக்பீஸும் பிடித்த கை. மெலிந்தது என்று கல்யாணத்தின்போது குறையாகச் சொன்ன கை.

"நான் விட்டுப் பாக்கவா?"

"அழுக்காயிடும் டீச்சர்."

"ஆகட்டும்."

அவர் முதலில் பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, இன்ஜினைத் தானாக அணையும்வரை ஓடவிட்டார். குழாயில் அழுத்தம் இருந்தால் பெட்ரோல் பீய்ச்சி அடிக்குமாம். பிறகு பேட்டரி வயரைக் கழற்றினார். எதிர் டீக்கடையில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவரை, "அண்ணே, அந்தாண்ட போயிடுங்க" என்று விரட்டினார். நான் வளையல்களைக் கழற்றி ஹேண்ட்பேக்கில் போட்டேன். சுடிதார் போட்டுக்கொண்டு வந்தது நல்லதாயிற்று. கண்ணில் பெட்ரோல் தெறிக்காமல் இருக்கக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார். அட்டைப்பெட்டியை விரித்து அதன் மேல் ஒருக்களித்துப் படுத்து, சக்கரம் இருந்த இடத்தின் வழியே கையை விட்டேன்.

உள்ளே எதுவும் தெரியவில்லை. விரல்தான் கண். வெளியிலிருந்து அவர் சொல்லச் சொல்லத் தடவிக்கொண்டே போனேன். "உருண்டையா ஒண்ணு தட்டுப்படுதா? அதோட முனையில குழா இருக்கும். குழா கழுத்துல ரெண்டு பக்கமும் சின்னதா பட்டன் மாதிரி... ரெண்டையும் சேத்து அமுக்குங்க. அமுக்கிக்கிட்டே இழுங்க." அமுக்கினேன். நகம் உடைந்தது. மறுபடி அமுக்கினேன். க்ளக்கென்று குழாய் விட்டது. சில்லென்று பெட்ரோல் முழங்கை வழியாக வடிந்து அக்குள்வரை வந்தது. அடுத்த முனைக்கு வெகுநேரம் ஆனது. நடுவில் இரண்டு தடவை, என்னால் முடியாது என்று சொல்லிக் கையை எடுத்தேன். எடுத்த கையை உதறிவிட்டு நானே மறுபடி விட்டேன். கடைசியில் பழைய ஃபில்டர் என் கையோடு வெளியே வந்தபோது டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த புதியதன் மேல் ஓர் அம்புக்குறி இருந்தது. பெட்ரோல் போகும் திசை. மெக்கானிக் அதை என் விரலால் தொட்டுப் பார்க்க வைத்து, "இது முன்பக்கம் பாக்கணும்" என்றார். இரண்டு முனையிலும் க்ளக், க்ளக்கென்று மாட்டினேன். இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. நான் படித்து வாங்கிய பட்டம் எதிலும் எனக்கு இப்படி ஒரு திருப்தி கிடைத்ததில்லை.

பழைய ஃபில்டரை அவர் ஒரு தட்டில் கவிழ்த்துத் தட்டினார். கருப்பாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். செங்கல் நிறத்தில் குழம்பாக வந்தது.

"இது துரு இல்லீங்களே, டீச்சர். பெயிண்ட் மாதிரில்ல இருக்கு" என்று விரலில் தேய்த்துப் பார்த்தார் அவர்.

எனக்கு அந்த நிறம் தெரியும். தினமும் காலையில் எழுந்து எங்கள் வீட்டு ஜன்னலைத் திறக்கும்போது கையில் படுகிற நிறம். "பாரு, கண்ணாடி மாதிரி" என்று டார்ச் அடித்துக் காட்டிய நிறம். வாசலில் உருட்டிய கேன் கண்முன் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பெட்ரோலும் அழுக்குமாக அட்டையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். கேன் கதையைச் சொன்னதும், பெட்ரோல் பெயிண்டைக் கரைத்துவிடும், அந்தக் கேனிலிருந்து இனி ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள் என்றார் மெக்கானிக்.

சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில், தேவையே இல்லாமல் பாலத்தில் இரண்டு தடவை ஏறி இறங்கினேன். வண்டி யோசிக்கவில்லை.

அன்றைக்கே அவரிடம் ஃபில்டரைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. அவ்வளவு ஆசையாக அடித்த பெயிண்ட், பாவம், மனம் நோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நல்ல சமயம் பார்த்துக் காத்திருந்தேன். ஃபில்டரைக் கொல்லையில் காயவைத்து, பழைய பேப்பரில் சுற்றி, காரின் டேஷ்போர்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி வந்தார். நான் ஓட்ட, அவர் பின்னால் உட்கார, என் கணவர் வெள்ளை வேட்டியோடு என் பக்கத்தில் உட்கார்ந்து என் காலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பாலத்து ஏற்றத்தில் அழுத்தினேன். வண்டி வெண்ணெயாக வழுக்கி ஏறியது.

"சூப்பரா போவுதுண்ணே! திக்குதுன்னு சொன்னீங்க?" என்றார் தம்பி.

என் கணவர் பெருமையாகத் திரும்பினார். "மூணு மாசமா சொல்லிச் சொல்லி, இப்பத்தான் உங்க அண்ணி கிளட்ச்ச ஒழுங்கா விடப் பழகியிருக்கா."

பாலம் இறங்கியதும் ஓரமாக நிறுத்தினேன். டேஷ்போர்டைத் திறந்து, பேப்பரைப் பிரித்து, ஃபில்டரை அவர் மடியில் வைத்தேன். செங்கல் நிறப் பொடி வேட்டியில் கொட்டியது. அவர் அதைத் தட்டிவிடப் போனவர், கையை நிறுத்தினார். விரலில் ஒட்டியதை வெகுநேரம் பார்த்தார்.

"என்னண்ணே அது?" என்றார் தம்பி பின்னாலிருந்து.

"எங்க வீட்டு ஜன்னல் பெயிண்ட்" என்றார் என் கணவர்.

அவர் அப்படி நேராகச் சொல்லிவிடுவார் என்று நான் நினைக்கவில்லை. பேசத் தயாராக வைத்திருந்தது எதுவும் தேவைப்படவில்லை. எனக்குக் கோபம் அவர் மேல் அவ்வளவாக இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அவருக்குத் தோன்றியதை அவர் சொன்னார். நான் அதை நம்பி, கடற்கரையில் நாள் தவறாமல் என் காலைத் தண்டித்தேனே, அதுதான் ஆறவில்லை.

"தம்பி, மன்னிச்சுக்குங்க. வண்டி விக்கிறதா இல்ல" என்றேன். என் கணவர் மடியிலிருந்த ஃபில்டரைப் பேப்பரில் பழையபடி சுற்ற முயன்றுகொண்டிருந்தார்.

தம்பியை இறக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம். என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதல் முறையாகச் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். நெடுங்காட்டுத் திருப்பத்தில் கியர் மாற்றும்போது, நான்தான் பழக்கத்தில் ஒருமுறை குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டேன்.